பாட்டரி நிறைஞ்சிருக்கு

அசோக் எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தபோது தனியாக வந்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பெண் கேட்பது பெரியவர்கள் செய்யும் காரியம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரின் வடக்கே யீஷூனில் நலமாக இருக்கிறார்கள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, அரைக்கால் சட்டையோடு குவீன்ஸ்டவுன் வரை ரயில் ஏறி வந்து, என் முன்னால் சோபாவில் உட்கார்ந்து சொன்னான்:

"அங்கிள், நானும் பவித்ராவும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். உங்க ஆசீர்வாதம் வேணும்."

தேநீர் கொடுத்து அனுப்பினேன். பதில் கொடுக்கவில்லை.

"பொண்ணு கேக்குற லட்சணமா இது?" என்று கமலத்திடம் சொன்னேன். "பீட்சா ஆர்டர் பண்ற மாதிரி கேக்குறான்."

"மரியாதையாத்தானே பேசினான்?" என்றாள் என் மனைவி.

"மரியாதையாப் பேசினான். முறையா வரல."

அதன் பிறகு அவனுடைய அப்பா இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, எப்போது வரலாம் என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். மகன் பேசி முடித்த பேச்சுக்குப் பெற்றோர் பின்னால் வருவது வரிசை தவறியது என்பது என் எண்ணம். இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

நான் துறைமுகத்தில் பாரந்தூக்கி மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு பாரந்தூக்கியின் மீதும் அது தூக்கக்கூடிய எடையை எழுதியிருப்பார்கள். அதற்கு மேல் தூக்க என் காலத்தில் ஒருநாளும் நான் விட்டதில்லை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன். தன் தலையில் ஏறுகிற பாரம் எவ்வளவு என்று அறியாதவனிடம் எதையும் ஒப்படைக்க முடியாது.

ஓய்வு பெற்றதும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்கினேன். கமலமும் நானும் மலேசியா வழியாக மேலே ஏறி, தென் தாய்லாந்து வரை போவதாகத் திட்டம். பிடித்த இடத்தில் நிறுத்தலாம், வண்டியிலேயே படுக்கலாம், நம் சாப்பாட்டை நாமே சமைக்கலாம். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம். பின் இருக்கைகளைக் கழற்றினால் மடக்குக் கட்டில் ஒன்று சரியாகப் பொருந்தியது. ஒரு சிறிய குளிர்ப்பெட்டியும் வாங்கிவிட்டேன். மின்சாரம்தான் பாக்கி. இரண்டு கடைகளில் விசாரித்தேன். எனக்கு என்ன தேவை என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், இருப்பதிலேயே பெரிய சோலார் பேனலை எடுத்துக் காட்டினார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

"அசோக்குக்கு இது நல்லாத் தெரியும்பா," என்றாள் பவித்ரா. "துவாஸ்ல கப்பல் பட்டறையில எலக்ட்ரிகல் இன்ஜினியர். அவன் ஃப்ரெண்ட்ஸ் வண்டிக்கெல்லாம் அவன்தான் சோலார் போட்டுக் குடுத்தான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் கையை நிறுத்திவிட்டு யோசித்தேன்.

"சரி, போடட்டும். அவன் போடுற கணக்கு நம்ம குடும்பத்தைத் தாங்குச்சுன்னா, அவங்க அப்பா அம்மாவை வரச் சொல்றேன். தாங்கலைன்னா இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது."

பவித்ரா என்னையே பார்த்தாள். அவள் என் மகள். முதுகு வளையாமல் உட்காருவதை என்னிடம்தான் கற்றாள்.

"டீல்," என்றாள்.

கல்யாணப் பேச்சில் வருகிற சொல்லா அது? ஆனாலும் விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அசோக் வந்தான். முழுக்கால் சட்டை அணிந்திருந்தான். பவித்ரா சொல்லியிருக்க வேண்டும். வண்டிச் சாவியை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வண்டி அப்புறம் அங்கிள். முதல்ல கிச்சனைக் காட்டுங்க."

"கிச்சன்ல என்ன வேலை?"

"நீங்க எதையெல்லாம் எவ்வளவு நேரம் ஓட்டுவீங்கன்னு தெரியணும். பேனல் எவ்வளவு பெருசுங்கறது கடைசிக் கேள்வி."

சுமையைக் கேட்டுவிட்டுத்தான் கொக்கியை மாட்ட வேண்டும். அந்த வகையில் அவன் சரியான இடத்தில்தான் தொடங்கினான். அதை நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சுவரிலுள்ள பிளக்குக்கும் சாமானுக்கும் நடுவே செருகுகிற ஒரு சிறிய மீட்டரை அவன் கொண்டுவந்திருந்தான். கெட்டில், ரைஸ் குக்கர், மேசை விசிறி என்று ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, ரைஸ் குக்கரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒரே நேரத்துல போடாதீங்க. இன்வெர்ட்டர் தாங்காது."

"சோறும் குழம்பும் ஒரே நேரத்துலதான் தம்பி ஆகணும்," என்றாள் கமலம். "சோறு ஆறிப் போனப்புறம் குழம்பு கொதிச்சா யாரு சாப்பிடுவா? உங்க அங்கிளா?"

"அப்ப குழம்பை முதல்ல வெச்சிடலாமே. குழம்பு சூடு தாங்கும்ல?"

கமலம் சற்று யோசித்தாள். "தாங்கும்," என்று ஒப்புக்கொண்டாள். அவளை அவ்வளவு விரைவில் ஒப்புக்கொள்ளவைத்தவர்கள் குறைவு.

"எத்தனை பேருக்குச் சமைப்பீங்க அங்கிள்? ரெண்டு பேர்தானே?"

"ரெண்டு பேருன்னு எழுதாதே," என்றேன். "நம்ம வண்டி நிக்கிற இடத்துக்கு நாலு பேர் வந்தா, அந்த நாலு பேரையும் உக்கார வெச்சு சாப்பாடு போடணும். கரண்டு பத்தாதுன்னு வந்தவங்களை அனுப்புற குடும்பம் இல்ல இது."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஓகே. விருந்தாளி லோடுன்னு தனியா ஒண்ணு சேத்துக்கிறேன்."

பிறகு மேசையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினான். ஒரு சாமான் எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம், இரண்டையும் பெருக்கினால் அதன் பசி தெரியும். எல்லாப் பசியையும் கூட்டினால் ஒரு நாளின் சுமை. அந்தச் சுமையை வெயில் இல்லாத நேரத்தில் தாங்குவது பாட்டரி. செலவானதை மறுநாள் ஈடுகட்டுவது பேனல்.

"பேனல்ல இருநூறு வாட்னு போட்டிருந்தா நாள் பூரா இருநூறு வராது அங்கிள். நம்ம ஊர்ல வெயில் சுடும், ஆனா மேகம் ஜாஸ்தி. நல்ல வெயில் நாலு மணி நேரம்னு வெச்சுக்கணும். அதுலயும் கொஞ்சம் கழிச்சுக்கணும்."

"அப்ப நமக்கு எவ்வளவு வேணும்?"

"கணக்குப்படி ரெண்டு பாட்டரி, ரெண்டு பேனல். ஆனா பேப்பர்ல போடுற கணக்கை நான் முழுசா நம்ப மாட்டேன். ஃப்ரெண்டுகிட்ட ஒரு செட் இருக்கு, இரவல் வாங்கிட்டு வர்றேன். கொஞ்ச நாள் ஓட்டிப் பாப்போம். பத்தலைன்னா இன்னொரு செட் சேத்துக்கலாம்."

அன்று மாலை மிக்ஸி பார்க்க லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். வீட்டு மிக்ஸி பெரியது, வண்டிக்கு ஆகாது என்று சொல்லிவிட்டான். மிக்ஸி இல்லாமல் தென் தாய்லாந்துக்கு வர முடியாது என்று கமலம் சொல்லிவிட்டாள். சட்னி விஷயத்தில் அவள் யாருக்கும் இறங்க மாட்டாள்.

சிராங்கூன் சாலையில் நாங்கள் வழக்கமாகப் போகும் பாத்திரக்கடை. அசோக் ஒவ்வொரு மிக்ஸியையும் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான். கடைக்கார அம்மாள் கண்மணிக்கு அது பொறுக்கவில்லை.

"தம்பி, ஜாரைப் பாருங்க, பிளேடைப் பாருங்க. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. நீங்க ஏன் அதுக்கு அடியில போய்ப் பாக்குறீங்க? குழந்தைக்கு நாப்கின் மாத்துற மாதிரி?"

"வாட்ஸ் பாக்குறேன் அக்கா."

"வாட்ஸ்அப்பா?"

கமலம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கண்மணி என் பக்கம் திரும்பினார்.

"யாரு சார் இவரு? மாப்பிள்ளையா?"

"வண்டி வேலைக்கு வந்தவர்," என்றேன்.

அசோக் கையில் வைத்திருந்த மிக்ஸியை நிமிர்த்தி வைத்தான். அவன் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னேன். இன்னும் முடிவாகாத உறவைக் கடைத்தெருவில் சொல்லிக்கொள்ள முடியாது. அவன் முகம் சற்று வாடியது, ஆனால் வேலை நிற்கவில்லை. சிறியதாக ஒரு மிக்ஸியைத் தேடி எடுத்து, "இது போதும் ஆன்ட்டி, ரெண்டு தடவையா அரைச்சுக்குங்க," என்று கமலத்திடம் நீட்டினான்.

எங்கள் புளோக்குக்கு அருகிலுள்ள பலமாடிக் கார்ப்பேட்டையின் மேல்தளம் திறந்தவெளி. வெயில் அங்கே தாராளம். வண்டியை அங்கே நிறுத்தி, கூரை ரேக்கின் மேல் பேனலைக் கட்டி, பின்பக்கம் பாட்டரியை வைத்து இணைத்தான் அசோக். பாட்டரிக்கு மேல் கைக்கடிகார அளவில் ஒரு திரை. அதில் ஒரு பாட்டரிப் படமும் உள்ளே சில கட்டங்களும் இருந்தன. அதற்குக் கீழே எறும்பு போல ஏதோ எண்கள்.

"நம்பர் சின்னதா இருக்கும் அங்கிள், கஷ்டப்படாதீங்க. கட்டத்தைப் பாத்துச் சொன்னாப் போதும். தினமும் காலையில நான் வேலைக்குப் போற வழியில ஃபோன் பண்றேன். பாட்டரி எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சோதனை தொடங்கியது. குளிர்ப்பெட்டியில் பாலும் தயிரும் தண்ணீர்ப் போத்தல்களும் வைத்தோம். ஆள் இல்லாத வண்டிக்குள் இரவு முழுவதும் விசிறி சுழன்றது. மாலை வேளையில் கமலமும் நானும் மேலே போய், இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டு, வண்டிக் கெட்டிலில் தேநீர் போட்டுக் குடித்தோம். காற்று நன்றாக வீசியது. தண்டவாளத்தில் ரயில்கள் எதிரும் புதிருமாகப் போய்வந்தன. கார் எடுக்க வந்த பக்கத்து வீட்டு இர்ஃபான் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்ன அங்கிள், வீட்டுல சண்டையா? சண்டைன்னா ரெண்டு பேரும் சேந்தா வெளிய வருவாங்க?"

"தாய்லாந்துக்குப் போயிட்டிருக்கோம்," என்றாள் கமலம்.

"அப்ப ஃபர்ஸ்ட் ஸ்டாப்பே இங்கதானா? பெட்ரோல் மிச்சம் லா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கமலம் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் காலை வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போய்த் திரையைப் பார்த்தேன். கட்டம் ஒன்றுகூட இல்லை. படம் வெறும் கூடாக நின்றது. அப்போது தொலைபேசி அடித்தது.

"குட் மார்னிங் அங்கிள். பாட்டரி எப்படி இருக்கு?"

"நிறைஞ்சிருக்கு," என்றேன்.

எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் தீர்ந்துவிட்டது, காலியாகிவிட்டது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அரிசி தீர்ந்தால் அரிசி நிறைஞ்சிருக்கு என்போம். எண்ணெய் தீர்ந்தால் எண்ணெய் நிறைஞ்சிருக்கு. இல்லை என்ற சொல்லை வாயால் சொல்லி வீட்டுக்குள் அழைக்கக் கூடாது என்பார் என் தாயார். என் தங்கைக்கும் அதே பழக்கம், என் மகளுக்கும் அதே பழக்கம். அதுவும் வெள்ளிக்கிழமை காலை, விளக்கேற்றிய கையோடு, காலி என்ற சொல் என் வாயில் வராது.

"சூப்பர் அங்கிள்!" என்றான் அசோக்.

பாட்டரி தீர்ந்ததில் இவனுக்கு என்ன இத்தனை மகிழ்ச்சி என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். இரவு செலவழிக்கும் நேரம், பகல் சேமிக்கும் நேரம். இருந்ததை முழுவதும் பயன்படுத்திவிட்டோம், இனி வெயில் வந்து நிரப்பும். அதுதான் இதன் முறை போலும். நான் நினைத்ததற்கு ஏற்ப நண்பகலில் போய்ப் பார்த்தால் கட்டங்கள் ஏறிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமையும் அப்படியே. திங்கள், செவ்வாயும் அப்படியே. அவன் கேட்பான், நிறைஞ்சிருக்கு என்பேன், சூப்பர் என்பான். இடையில் ஞாயிறன்று பிற்பகல் வெயிலில் நேரில் வந்து பார்த்தான். அப்போது கட்டங்கள் பெரும்பாலும் ஏறியிருந்தன. திருப்தியாகத் தலையாட்டினான்.

அந்த வாரக் கடைசியில் அழைத்தான். "அங்கிள், நல்ல நியூஸ். ரெண்டு செட் தேவையே இல்ல. ஒரு பாட்டரி, ஒரு பேனல் போதும். நைட் பூரா ஓட்டியும் காலையில இப்படி இருக்குன்னா, சமையலை ஈஸியாத் தாங்கும்."

தேவையில்லாததை வாங்கவைக்காதவன் என்று மனதுக்குள் அவனுக்கு ஒரு புள்ளி போட்டேன். சமையலையும் சேர்த்து ஒருநாள் வெள்ளோட்டம் பார்த்துவிடலாம் என்றும் சொன்னேன். ஆட்கள் வேண்டுமே, விருந்தாளி லோடு. என் தங்கை சந்திரமதியும் அவள் கணவர் மருதப்பனும் பாசிர் ரிஸில் இருக்கிறார்கள். ஞாயிறு காலைப் பசியாற அவர்களைக் கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்தேன்.

மருதப்பனை அழைத்தது தெரிந்தே செய்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு விஷயம் தேறியதா இல்லையா என்பதை அவர் வாயிலிருந்து வந்தால்தான் எல்லோரும் நம்புவார்கள். நல்ல மனிதர். நாக்கு மட்டும் உப்புக்காகிதம் மாதிரி உரசும்.

ஞாயிறு காலை கட்டங்கள் வழக்கம்போல வெறுமையாக இருந்தன. கமலத்தையும் பவித்ராவையும் ஏற்றிக்கொண்டு பாசிர் ரிஸ் போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயிலாகப் பார்த்து நிறுத்தினேன். மருதப்பன் எங்களுக்கு முன்பே வந்து ஒரு பார்பிகியூ அடுப்பைப் பிடித்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை கரி.

"இது எதுக்கு மாப்பிள்ளை?" என்றேன்.

"ஒரு பாதுகாப்புக்கு மச்சான். உங்க சூரிய பகவான் எம்சி போட்டு லீவு எடுத்துட்டாருன்னா?"

யீஷூனிலிருந்து அசோக் ரயிலில் வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. வண்டியின் பின்பக்கம் மாவுப் பாத்திரமும் தட்டுக் கூடையும் பாட்டரித் திரையை மறைத்துக்கொண்டிருந்தன. "காலையில எப்படி இருந்துச்சு அங்கிள்?" என்றான். "நிறைஞ்சிருந்துச்சு," என்றேன். அவன் உற்சாகமாக இன்வெர்ட்டரைத் தட்டிவிட்டான். கமலம் இண்டக்‌ஷன் அடுப்பில் கல்லை வைத்தாள்.

முதல் தோசை மருதப்பனுக்குப் போனது. முறுகலாக, ஓரம் சிவந்து வந்தது. "பரவால்லையே!" என்று அவரே சொன்னார். இரண்டாவது சந்திரமதிக்கு. மூன்றாவது கல்லில் ஊற்றி, இன்னும் துளைகூட விடவில்லை. இன்வெர்ட்டர் நீளமாகக் கீச்சிட்டது. அடுப்பு அணைந்தது. விசிறி மெல்லச் சுற்றி நின்றது. குளிர்ப்பெட்டியின் சிறிய பச்சை விளக்கும் போய்விட்டது.

கமலம் அடுப்பின் பொத்தானைத் தட்டிப் பார்த்தாள். 

"என்ன மச்சான், பவர் கட்டா?" என்றார் மருதப்பன். "சிங்கப்பூர்ல பவர் கட் பாத்து எவ்வளவு நாளாச்சு! டிக்கெட் போட்டுப் பாக்க வேண்டியதை ஓசியிலயே காட்டிட்டீங்க."

"சும்மா இருங்க," என்றாள் சந்திரமதி.

"நான் என்ன சொல்லிட்டேன்? மாவை அந்தப் பேனல் மேலயே ஊத்திடச் சொல்லு, நல்லாச் சூடாத்தான் இருக்கு. சோலார் தோசை." பிறகு திரும்பி, "யாருப்பா இதுக்குக் கணக்குப் போட்டது?" என்று கேட்டார்.

அசோக் என்னைப் பார்த்தான். கண நேரம்தான். உதவி தேடுகிறான் என்று எண்ணி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நான்தான் அங்கிள் போட்டேன்," என்றான் மருதப்பனிடம். "என் கணக்குல தப்பு இருக்கு."

"என்ன தம்பி படிச்சிருக்கீங்க?"

"எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்."

"அதான்," என்றார் மருதப்பன்.

என் வீட்டு அழைப்பில் வந்த விருந்தாளிகள் அரைத் தோசையோடு உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட எனக்கு அவமானம் ஏது? பவித்ராவைத் தனியாக நான்கு எட்டு தள்ளி அழைத்துப் போனேன்.

"பாத்தியா?"

"அப்பா, ஏன் இப்படி ஆச்சுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"கேக்க ஒண்ணும் இல்ல. தாங்கல. நீதானே டீல்னு சொன்னே?"

அவள் கண்கள் நிறைந்தன. ஆனால் தலை குனியவில்லை. "சொன்னேன். சொன்ன வார்த்தைல நிப்பேன்," என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு உதவப் போய்விட்டாள். போகிறவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் வாக்கு வாக்குதான்.

மருதப்பன் வெற்றி வீரராகக் கரியை மூட்டினார். தோசைக்கல் அங்கே இடம் மாறியது. கரியடுப்புத் தோசை நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வயிறு நிறைந்ததும் எல்லோருக்கும் முகம் தெளிந்தது. அசோக் மட்டும் சாப்பிடாமல், கூடைகளை நகர்த்திவிட்டு, பாட்டரியின் முன்னால் திருப்புளியோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கரியடுப்பில் காபிக்குத் தண்ணீர் கொதித்தது. கமலம் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

"பவி, சக்கரை நிறைஞ்சிருக்கு. அத்தைகிட்ட இருந்தா கொஞ்சம் வாங்கிட்டு வா."

அசோக் தலையைத் தூக்கினான்.

"நிறைஞ்சிருந்தா எதுக்கு ஆன்ட்டி வாங்கணும்?"

"நிறைஞ்சிருக்குன்னா தீந்து போச்சுன்னு அர்த்தம் தம்பி." கமலம் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு மணிகூட விழவில்லை. "எங்க வீட்டுல இல்லைன்னு வாயால சொல்ல மாட்டோம். அதான்."

அவன் அந்த டப்பாவைப் பார்த்தான். பிறகு பாட்டரியைப் பார்த்தான். பிறகு மெல்ல என்னைப் பார்த்தான். அவன் உதடு துடித்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் மறுபடி குனிந்து திருப்புளியைக் கையில் எடுத்தான்.

அவன் குனிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கையிலிருந்த தட்டை வைத்தேன். "அசோக், இங்க வா."

வந்தான்.

"ஃபோன்ல தினமும் நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"அது பரவால்ல அங்கிள்."

"என்ன சொன்னேன்னு கேட்டேன்."

"நிறைஞ்சிருக்குன்னு."

"நீ என்னன்னு எடுத்துக்கிட்டே?"

"ஃபுல்லுன்னு," என்றான் மெதுவாக.

சந்திரமதி முதலில் விழித்தாள். பிறகு, "அய்யோ அண்ணே!" என்று சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "பாட்டரிக்குமா அண்ணே? பாட்டரிக்குமா?" கமலத்துக்கும் தொற்றிக்கொண்டது. பவித்ரா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

நான் சிரிக்கவில்லை. எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது.

"அங்க மாப்பிள்ளை கேட்டப்ப நீ ஏன் சொல்லல? ஃபுல்லுன்னு இவர்தான் சொன்னாருன்னு சொல்லியிருக்கலாமே?"

அவன் தயங்கினான். "உங்க தங்கச்சி, மாப்பிள்ளை எல்லாரும் இருக்காங்க அங்கிள். உங்களை எப்படிக் காட்டிக்குடுக்கிறது? அதோட என் மேலயும் தப்பு இருக்கு. அளவு எடுக்கிறவன் நம்பர்தான் கேக்கணும். கண்ணாடியைப் போட்டு நம்பரைப் படிங்கன்னு சொல்லியிருக்கணும். நான் வார்த்தையைக் கேட்டுட்டேன்."

என் மகளின் வாழ்க்கை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவனுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான், விருந்தாளிகள் முன்னால் என் தலை குனிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. பாரந்தூக்கியில் எழுதியிருக்கும் எடையைப் படித்து எடைபோட்டவன் நான். இந்தப் பையன் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் தூக்கிவிட்டான்.

எழுந்து நின்றேன். "மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இங்க கேளுங்க," என்றேன் மருதப்பனிடம். "பையனோட கணக்கு சரி. முதல் நாளே ரெண்டு பாட்டரி, ரெண்டு பேனல்னுதான் சொன்னாரு. நான் சொன்னதை வெச்சுத்தான் ஒண்ணாக் குறைச்சாரு. இன்னைக்கு அடுப்பு அணைஞ்சதுக்கு என் பேச்சுதான் காரணம்."

மருதப்பன் இப்படிப்பட்ட வாய்ப்பை விடுபவர் அல்லர். "அப்ப ஷார்ட் சர்க்யூட் உங்க வாயிலதானா மச்சான்?"

"வார்த்தையில ஒரு குறையும் இல்ல. அது நம்ம வீட்டு வார்த்தை. கேட்டவர் இன்னும் நம்ம வீட்டுக்கு வரல, அவ்வளவுதான்."

"இன்னுமா?" என்றார் மருதப்பன், புருவத்தைத் தூக்கி.

பவித்ரா முகத்திலிருந்து கைகளை எடுத்தாள். அசோக் திருப்புளியைக் கீழே போட்டுவிட்டான். அது சிமெண்டுத் தரையில் உருண்டு போனது, எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"என்னடா நிக்கிறே?" என்றேன். "உங்க அப்பா நம்பர் என் ஃபோன்ல இருக்கு. ரெண்டு தடவை கூப்பிட்டாரு. நான்தான் திருப்பிக் கூப்பிடல. இப்பக் கூப்பிடப் போறேன். நீ நடுவுல பேசக் கூடாது. இது பெரியவங்க பேச வேண்டிய பேச்சு."

"சரி அங்கிள்."

"முதல்ல சாப்பிடு. சந்திரா, இவருக்கு ஒரு தோசை ஊத்தும்மா."

"ஒண்ணு என்ன அண்ணே, நாலு ஊத்துறேன். மாப்பிள்ளை வாடிப் போயிட்டாரு," என்றாள் சந்திரமதி. அந்தச் சொல்லை அவள் சொன்னபோது நான் மறுக்கவில்லை.

கடலைப் பார்த்துத் திரும்பி நின்று அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். என் பெயரைக் கேட்டதும் குரலில் பதற்றம் வந்தது.

"சொல்லுங்க சார். பையன் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டானா?"

"பையன் பக்கத்துலதான் இருக்காரு. சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. நீங்களும் வீட்டம்மாவும் முறையா எங்க வீட்டுக்கு வரணும். கல்யாணப் பேச்சு பேசணும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் தொலைபேசியை வாயிலிருந்து எடுக்க மறந்து, மனைவியைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிடும் சத்தம் கேட்டது. ஏதோ நாற்காலி நகர்ந்தது. ஒரு பெண்குரல் ஓடிவந்தது. "என்னவாம்? என்னவாம்?" என்றது.

கமலம் காபியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவர்கள் இருவரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். எனக்கு அவசரமே இல்லை.